வேலிமுனைக்கு இருபத்து நான்கு நிமிடம்

பேருந்துப் பணிமனையில் அவரை யாரும் பெயர் சொல்லி அழைப்பதில்லை. 'நிமிஷம்' என்பார்கள். ஐம்பத்திரண்டு வயதான அந்த ஓட்டுநருக்குத் தொலைவைக் கிலோமீட்டரில் சொல்ல வராது. மருந்துக்கடை எங்கே என்று கேட்டால் நான்கு நிமிடம் என்பார். தபால் நிலையம் பதினொரு நிமிடம். சிக்னலில் சிவப்பு விழுந்தால் பதின்மூன்று. கல்யாணமாகி எத்தனை ஆண்டு என்று யாரோ கேட்டபோது, அதையும் நிமிடமாக மாற்ற அவர் விரல்விட்டு எண்ணத் தொடங்கினார் என்று ஒரு கதை பணிமனையில் உலவியது. அது கட்டுக்கதைதான். ஆனாலும் கேட்டவர் எவரும் அதை நம்ப மறுத்ததில்லை.

அவருடைய நாள் நடுவில் வெட்டுப்பட்ட நாள். காலை ஐந்து மணிக்கு வண்டியை எடுத்தால் ஒன்பதே முக்காலுக்கு முதற்பாதி முடியும். பிற்பகல் ஒன்று நாற்பதுக்கு மீண்டும் கையெழுத்திட்டால் மாலை ஆறரை வரை இரண்டாம் பாதி. மக்கள் வேலைக்குப் போகும்போதும் திரும்பும்போதும் வண்டி வேண்டும். இடையில் அவ்வளவாக வேண்டாம். ஆகவே ஓட்டுநரும் இடையில் வேண்டாம். இதனை ஓட்டுநர்கள் 'வெட்டு டூட்டி' என்பார்கள். நடுவே கிடக்கும் அந்த நான்கு மணி நேரம் ஒழுங்காகத் தூங்கப் போதாது. சும்மா உட்கார்ந்து கழிக்கவும் ஆகாது. ஓய்வறையில் ஐந்து இரும்புக் கட்டில்களும், கடகடவென்று ஆடும் ஒரு மின்விசிறியும், பிறர் கழற்றிப் போட்ட காலுறைகளின் நெடியும் இருந்தன.

வீடு பணிமனையிலிருந்து ஏழே நிமிடம். தையற்கடையைத் தாண்டி இடப்பக்கம் திரும்பினால் நான்கு மாடிக் குடியிருப்பு. அதன் இரண்டாம் மாடியில் ஓர் அறையும் சமையற்கட்டும். இருந்தும் பதினொரு ஆண்டுகளாக அந்த இடைவேளையில் அவர் வீட்டுக்குப் போவதில்லை. அந்நேரத்தில் அவருடைய மனைவி தூங்கிக்கொண்டிருப்பாள்.

அவளுக்கு மருத்துவமனையின் சலவைப் பிரிவில் இரவுப் பணி. ஈரப் படுக்கைவிரிப்புகளைச் சூடான உருளைக்குள் இருவர் சேர்ந்து செலுத்த வேண்டும். மறுபக்கம் காய்ந்து வருவதை மடித்து அடுக்க வேண்டும். மாலை ஏழேகாலுக்குப் புறப்பட்டால் காலை ஆறரைக்குத்தான் வீடு. அவர் நாலரைக்கே கிளம்பியிருப்பார். மாலையில் அவர் வந்தபின் இருவருக்கும் பொதுவாக அரைமணி நேரம் கிடைக்கும். அந்த அரைமணியில் அவர் குளிப்பார், அவள் தலைவாரிக்கொள்வாள். வெளியூரில் வேலை பார்க்கும் ஒரே மகள் பெற்றோர் இருவரையும் தனித்தனியாகத்தான் தொலைபேசியில் அழைப்பாள். சேர்த்து வைத்துப் பேச இருவரும் ஒரே நேரத்தில் விழித்திருந்தால்தானே.

இரவுப் பணி தொடங்கிய முதல் வாரத்தில் ஒருநாள் அவர் இடைவேளையில் வீட்டுக்குப் போகத்தான் செய்தார். பூனைபோல் படியேறினார். ஆனால் பூட்டில் சாவி திரும்பிய ஒலிக்கே அவள் எழுந்து உட்கார்ந்துவிட்டாள். சாப்பிட்டீர்களா என்று கேட்டாள். பிறகு அவள் தூங்கவில்லை. அன்றிரவு வேலையில் சூடான உருளை அவளுடைய முழங்கைக்குக் கீழே பட்டுவிட்டது. ஒரு தீக்குச்சி நீளத்துக்குத் தழும்பு. தூக்கக் கலக்கத்தில் நேர்ந்தது, அதற்குக் காரணம் தாம்தான் என்று அவர் முடிவு செய்தார். இதனை அவளிடம் சொல்லவில்லை. பணிமனையிலேயே படுத்துக்கொள்கிறேன் என்று மட்டும் சொன்னார். அவளும் சரி என்றாள். பேச்சு அதோடு முடிந்தது.

ஆனால் பணிமனையில் அவருக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. ஒருநாள் மின்விசிறியும் நின்றுபோக, வெக்கை தாளாமல் பின்புறச் சுவரின் உடைந்த பகுதி வழியே வெளியே இறங்கினார். சுவருக்கு அப்பால், நீர்த்தேக்கம் வரையிலும், எவரும் வீடு கட்டத் துணியாத சரிவு நிலம், முழுவதும் புதர்க்காடு. அதன் ஊடே துருப்பிடித்த பழைய இரும்புக் குழாய் ஒன்று சென்றது. அவர் அந்தக் குழாயைப் பிடித்துக்கொண்டே நடந்தார். முட்செடிகள் காற்சட்டையைப் பற்றின. சருகு காலுக்கடியில் நொறுங்கியது. பதினாறாம் நிமிடத்தில் குழாய் ஓரிடத்தில் கசிந்து, கீழே ஒரு கல்தொட்டி அளவுக்குத் தெளிந்த நீர் தேங்கியிருந்தது. சுற்றிலும் யாரும் இல்லை. சட்டையைக் கழற்றி ஒரு கிளையில் மாட்டிவிட்டு இறங்கினார். இடுப்பளவு நீர். அதிகாலை முதல் இருக்கையில் இறுகிப் போயிருந்த முதுகெலும்பு ஒவ்வொரு கணுவாகக் கழன்று வருவதுபோல் இருந்தது.

அடுத்த ஆண்டுகளில் அதுபோல ஒன்பது இடங்களைக் கண்டுபிடித்தார். எல்லாமே வீட்டைச் சுற்றி அரைமணி நடைக்குள். கல்லுடைத்துக் கைவிட்ட பள்ளத்தில் பச்சை நிறத்தில் ஆழமாக நின்ற நீர். ரயில் பாலத்தின் அடியில் ஓடை சற்றே அகன்று சோம்பிக் கிடந்த இடம். இரண்டு பாறைகள் முதுகோடு முதுகு சாய்ந்திருக்க, அவற்றினிடையே ஓர் ஆள் மட்டும் மிதக்கக்கூடிய இடுக்கு. நீந்தக்கூட இந்த இடங்களில்தான் கற்றுக்கொண்டார், தம் நாற்பத்தொன்றாம் வயதில், யாரும் பார்க்கவில்லை என்ற துணிச்சலில். நாய் நீந்துவதைப் போலத்தான் நீந்துவார். ஆனால் மூழ்கமாட்டார்.

பேருந்து நிறுத்தங்களுக்கு வைப்பதைப் போலவே அவற்றுக்குப் பெயர் வைத்தார்: குழாயடி, பாலத்தடி, கல்பள்ளம், இரட்டைப்பாறை. எல்லாவற்றிலும் சிறந்தது வேலிமுனை. நீர்வாரியத்தின் கம்பிவேலி மேட்டில் ஒரு மூலையில் முடியும். அதன் கீழே, மரநிழலில், தட்டையான பெரிய பாறையும் அதை ஒட்டி ஒரு மடுவும் இருந்தன. நீரின் ஓசை மட்டும் இடைவிடாமல் கேட்கும். ஒரு கோடிட்ட நோட்டுப்புத்தகத்தில் ஒன்பது இடங்களுக்கும் கால அட்டவணை எழுதினார். வேலிமுனைக்கு நேராக, போக இருபத்து நான்கு, நீரில் ஐம்பது, வர இருபத்து நான்கு என்று எழுதியிருந்தது. அந்த எண்களை எழுதியபின் அவர் ஒருமுறையும் திருத்தவில்லை. ஓட்டுநர்களின் பழக்கம் அது. அட்டவணை எப்போதும் சரி. தாமதம் என்றால் அது சாலையின் குற்றம்.

பணிமனையில் இதைப் பற்றி ஒருவரிடமும் மூச்சுவிடவில்லை. ஈரத்தலையோடு திரும்பும்போது, ஓய்வறைக் கட்டிலை விட்டு இறங்காத, அவரைவிடச் சற்றே இளைய ஓட்டுநர் ஒருவர் மட்டும் வாயைக் கிளறுவார். அவரைத் 'தூங்குமூஞ்சி' என்பார்கள். வெட்டு டூட்டியின் நான்கு மணி நேரத்தையும் குறட்டையில் கழிப்பவர். "எங்க அண்ணே, தினமும் குளிச்சு முழுகிட்டு வர்றீங்க? நமக்குத் தெரியாம வேற குடும்பம் ஏதாவது இருக்கா?" என்பார். "இருந்தா அங்கயும் தூங்கவா விடப்போறாங்க" என்று சொல்லிவிட்டு இவர் சட்டையை மாட்டிக்கொள்வார்.

ஆண்டுகள் போயின. இடுப்பு வலித்தது. ஸ்டியரிங்கைப் பிடித்துப் பிடித்து விரல்கள் காலையில் நீள மறுத்தன. நடை ஓய்வாக இருந்தது மாறி, அதுவும் இரண்டு பாதிகளுக்கு நடுவே செருகிய மூன்றாவது டூட்டியாக ஆகிவிட்டிருந்தது. ஆனாலும் போனார். போகாவிட்டால் அந்த நான்கு மணி நேரத்தை எங்கே வைப்பது?

அந்த ஆண்டில் ஒரு 'நேர் டூட்டி' காலியாவதாகச் செய்தி வந்தது. காலை ஐந்துக்குத் தொடங்கி ஒரே மூச்சில் பிற்பகல் ஒன்றுக்கு முடிந்துவிடும் பணி. ஒன்றரைக்கு வீட்டில் இருக்கலாம். மனைவி இரண்டு மணிக்கு எழுவாள். அவள் புறப்படும்வரை ஐந்து மணி நேரம், இருவரும் விழித்தபடி, ஒரே கூரையின்கீழ். அதை நினைக்கும்போது அவருக்குச் சற்றே கூச்சமாகக்கூட இருந்தது. இவ்வளவு நேரம் என்ன பேசுவது என்று தோன்றியது.

பணிமனையின் பணிப்பட்டியலைப் போடுகிற அம்மாளை எல்லோரும் 'அக்கா' என்பார்கள். கறாரானவர். அவர் விதியை எல்லோர் முன்னிலையிலும் படித்துக் காட்டினார்: மூப்பு வரிசையில் முதலில் இருப்பவருக்கு, ஆனால் இரண்டு ஆண்டுகளில் ஒரு தாமதக் குறிகூட இருக்கக் கூடாது. ஒரு மணி நேரத்துக்குமுன் தெரிவிக்காமல் வராமலிருந்தாலும் அது தாமதக் குறிதான். மூப்பு வரிசையில் நிமிஷம் முதலில் இருந்தார். அவர்மேல் ஒரு குறியும் இல்லை. அடுத்து இருந்தவர், வேடிக்கையாக, தூங்குமூஞ்சி. பணிமனையை விட்டு எங்கும் போகாதவருக்குத் தாமதம் எப்படி வரும்? மாதக் கடைசியில் பட்டியல் ஒட்டப்படும். "நிமிஷம், இன்னும் பத்து நாள். எங்கயாவது போய்க் காலை ஒடிச்சுக்காதே" என்றார் அக்கா. நிமிஷம் மனைவியிடமும் அன்று மாலை சொன்னார். அவள் தலைவாருவதை நிறுத்தி, "கிடைக்கட்டும். கிடைச்சப்புறம் சொல்லுங்க" என்றாள். அவள் எதையும் கையில் வரும்முன் நம்புவதில்லை.

பட்டியல் ஒட்ட மூன்று நாள் இருந்தது. அன்று காலை முதற்பாதியை முடித்து அவர் கையெழுத்திட்டு வெளியே வந்தபோது, பணிமனை வாயிலில் மனைவி நின்றுகொண்டிருந்தாள். வீட்டுச் செருப்பு, கலைந்த தலை, கண்கள் கோவைப்பழமாகச் சிவந்திருந்தன. யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று நினைத்தார்.

அப்படி ஒன்றும் இல்லை. மேல்மாடிக்காரர் குளியலறையை இடித்துத் தரையை மாற்றுகிறாராம். காலை எட்டுக்கு ஆரம்பித்த சம்மட்டி மாலைவரை ஓயாதாம். பக்கத்து வீட்டில் கைக்குழந்தை. படிக்கட்டில் எல்லோரும் சண்டை. முந்தின இரவு இரண்டு பேர் வேலைக்கு வராததால் அவளே மூவர் வேலை செய்திருக்கிறாள். இன்றிரவும் போக வேண்டும்.

"எங்கயாவது சத்தமில்லாத இடத்துக்குக் கூட்டிட்டுப் போங்க" என்றாள். "நீங்க போற இடத்துக்கே போகலாம்."

"நான் எங்க போறேன்?"

"பதினோரு வருஷமா உங்க துண்டைத் துவைக்கிறவ நான். பாசி வாடை எந்த ஓய்வறையில அடிக்கும்?"

அவர் மணியைப் பார்த்தார். பத்து ஆக ஐந்து நிமிடம். வேலிமுனை போக இருபத்து நான்கு, வர இருபத்து நான்கு. ஒன்று நாற்பதுக்கு வண்டி. இடையே தாராளமாக நேரம் இருந்தது. அவளையும் அழைத்துக்கொண்டு சுவரின் உடைப்பு வழியே இறங்கினார்.

அவள் கால்கள் வீங்கியிருந்தன. செருப்பு சருகில் வழுக்கியது. அவர் முன்னே போய் முட்கிளைகளை விலக்கிப் பிடித்தார். அவள் அவற்றின் அடியில் குனிந்து வந்தாள். குழாயடியைத் தாண்டியபோது கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஒன்பது நிமிடம் தாமதம். அவளால்தான் என்று முதலில் எண்ணினார். பிறகு கவனித்தபோது, மூச்சு வாங்குவது அவருக்கும்தான். ஏற்றத்தில் நின்று நின்று ஏறுவது இன்று மட்டுமல்ல. எத்தனையோ நாளாக அப்படித்தான். இருபத்து நான்கு என்பது நாற்பத்தொரு வயதின் கணக்கு. அந்தக் கால்கள் போய்ப் பல ஆண்டுகள் ஆகின்றன. இத்தனை நாளும் தாமதமாகவே போய்ச் சேர்ந்து, அட்டவணைப்படி திரும்பிவிட, நீரில் கழிக்க வேண்டிய நேரத்தைக் கடித்துக் கடித்து ஈடுகட்டியிருக்கிறார். ஐம்பது என்று எழுதியிருந்தது இருபதாகத் தேய்ந்திருந்தது. வெறுமனே நனைந்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்திருக்கிறார்.

இன்னும் சற்றுத் தூரம் போனதும் அவள் ஒரு வேரின்மேல் உட்கார்ந்துவிட்டாள். அவரும் எதிரே ஒரு கல்லில் உட்கார்ந்தார்.

"வீடு இங்கேருந்து எவ்வளவு?" என்றாள்.

"பணிமனையிலிருந்து ஏழு நிமிஷம்."

"நாம போற இடம்?"

"இருபத்து நாலு."

"அப்ப ஏழு நிமிஷத்துல இருக்கிறவளை விட்டுட்டு, இருபத்து நாலு நிமிஷம் முள்ளுல நடந்து வர்றீங்க." அவள் கோபமாகச் சொல்லவில்லை. கோபப்படவும் தெம்பு வேண்டும்.

"நீ தூங்கணுமே."

"நான் தூங்குறேன்னு யார் சொன்னா?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். அவள் செருப்பிலிருந்து ஒரு முள்ளைப் பிடுங்கிக்கொண்டே சொன்னாள். தினமும் பத்து மணிக்கெல்லாம் விழிப்பு வந்துவிடுமாம். மாடிப்படியில் யார் காலடி கேட்டாலும் அவர்தானோ என்று காது போகுமாம். காலடி மேல்மாடிக்கோ பக்கத்து வீட்டுக்கோ போய்விடும். பிறகு இரண்டு மணிவரை அரைத்தூக்கம். ஒரு சின்னச் சத்தத்துக்கும் உடம்பு தூக்கிப்போடும். வீட்டில் ஆள் இல்லாமல் பகலில் தூங்குவது அவளுக்கு என்றைக்குமே வந்ததில்லை.

"அன்னிக்கு ஒருநாள் வந்தேனே. சாவிச் சத்தத்துக்கே எழுந்து உக்காந்துட்டே."

"யாருன்னு பாக்க எழுந்தேன். நீங்கன்னு தெரிஞ்சதும் படுத்திருப்பேன். நீங்கதான் குற்றம் பண்ணவர் மாதிரி வாசல்லயே நின்னு, போறேன் போறேன்னீங்க."

"அன்னிக்கு ராத்திரிதான் உனக்குக் கை சுட்டுச்சு."

அவள் கையைத் திருப்பித் தழும்பைப் பார்த்தாள். அதை மறந்தே போயிருந்தவளைப் போல. "இதுக்கும் தூக்கத்துக்கும் என்ன? உருளையோட காப்புத்தகடு உடைஞ்சிருந்துச்சு. கூட நின்னவளுக்கும்தான் சுட்டுச்சு. அடுத்த நாளே மாத்திட்டாங்க." பிறகு, "இதுக்காகவா வரல?" என்றாள்.

ஆமாம் என்று அவர் தலையசைத்தார். பதினொரு ஆண்டுகள். அவருக்கு அதை நிமிடமாக மாற்றிப் பார்க்கத் தோன்றவில்லை. அவள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து, "நடங்க, இன்னும் எவ்வளவு நிமிஷம்னு மட்டும் சொல்லாதீங்க" என்றாள்.

வேலிமுனையை அடைந்தபோது மணி பத்து ஐம்பது. மடுவின்மேல் இலைநிழல் துண்டு துண்டாகக் கிடந்தது. தட்டான்கள் நீரைத் தொட்டுத் தொட்டு எழுந்தன. அவள் உடுத்திய துணியோடே பாறை விளிம்பில் உட்கார்ந்து, முழங்கால்வரை காலை விட்டாள். சின்ன மீன்கள் வந்து குதிகாலைக் கொத்தின. "கடிக்குதா?" என்றார். "கடிச்சா கடிக்கட்டும். ஒன்னும் மிச்சமில்ல" என்றாள். பிறகு மெல்லக் கழுத்தளவு இறங்கி, பாறையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி நின்றாள். அவர் மடுவின் மறுகரைவரை நாய்நீச்சல் அடித்துத் திரும்பினார். அதைப் பார்த்து அவள் சிரித்தாள். நெடுநாளுக்குப் பின் அவள் சிரிப்பதை வெளிச்சத்தில் பார்த்தார்.

கரையேறி அவருடைய துண்டைப் போர்த்துக்கொண்டு பாறையின் நிழற்பக்கத்தில் அவள் சாய்ந்தாள். நீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்டாள். அவர் நீர்த்தேக்கத்தைப் பற்றியும் வேலியைப் பற்றியும் விளக்கத் தொடங்கினார். இரண்டாவது வாக்கியம் முடியும்போது அவள் தூங்கிவிட்டிருந்தாள். அடித்துப் போட்டாற்போன்ற தூக்கம். வாய் சற்றே திறந்திருந்தது. அருகில் ஒரு பறவை கத்தியது, உடம்பு தூக்கிப்போடவில்லை. காய்ந்த கிளை ஒன்று முறிந்து விழுந்தது, அதற்கும் அசையவில்லை.

அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். வெயில் நகர்ந்து அவள் முகத்தை எட்டியபோது, எழுந்து தம் சட்டையை ஒரு கிளையில் விரித்து மறைத்தார். மணி பதினொன்றரை, பன்னிரண்டு, பன்னிரண்டு இருபது. அவளோடு திரும்பும் நடைக்கு ஐம்பது நிமிடம் வேண்டும் என்று இப்போது அவருக்குத் தெரியும். பன்னிரண்டு ஐம்பதுக்குப் புறப்பட்டால் ஒன்று நாற்பதுக்குக் கையெழுத்திடலாம். இன்னும் மூன்று நாளில் பட்டியல். இரண்டு ஆண்டுகள் முள்ளின்மேல் நடப்பதுபோலக் காத்த சுத்தமான வரிசை. அதுவும் இவளுக்காகத்தான். ஐந்து மணி நேரம், தினமும்.

பன்னிரண்டே முக்காலுக்கு அவர் குனிந்து அவளுடைய பாதத்தைத் தொட்டார். மெல்ல அசைத்தார். அவள் கண்ணைத் திறக்கவில்லை. ஆனால் நெஞ்சின்மேல் கிடந்த இரு கைகளும் எழுந்தன. துண்டின் விளிம்பைத் தேடிப் பிடித்து, முனைக்கு முனை சேர்த்து, நீவி, ஒருமுறை மடித்தன. மீண்டும் பாதியாக மடித்தன.

"இன்னும் எத்தனை மூட்டை இருக்கு?" என்றாள், கனவுக்குள்ளிருந்து.

"ஒன்னும் இல்ல" என்றார். "எல்லாம் மடிச்சாச்சு. படுத்துக்கோ."

கைகள் ஓய்ந்து விழுந்தன.

அவர் வெறும் பனியனோடு கம்பிவேலி மூலைக்கு ஏறினார். மடுவின் பக்கம் கைப்பேசிக்குச் சிக்னல் கிடைக்காது, மேட்டில்தான் கிடைக்கும். ஆறு நிமிட ஏற்றம் என்று நோட்டில் இருந்தது. பத்து ஆயிற்று. அங்கிருந்து பார்த்தால் பாறையும், அதன்மேல் சுருண்ட உருவமும், கிளையில் ஆடும் சட்டையும் தெரிந்தன. அக்காவை அழைத்தார்.

"அக்கா, ஒன்னு நாப்பது வண்டிக்கு நான் வரல."

மறுமுனையில் தாள் புரளும் ஓசை கேட்டது. "மணி பன்னிரண்டு அம்பத்தஞ்சு. ஒரு மணி நேரம் இல்ல, நிமிஷம். உனக்குத் தெரியுமில்ல?"

"தெரியும்."

"அடிபட்டிருக்கா? காய்ச்சலா? ஏதாவது ஒன்னைச் சொல்லு. எழுதிக்கிறேன்."

காய்ச்சல் என்று சொல்லியிருக்கலாம். அக்கா அதற்குத்தான் வழி விட்டார். அவர் கீழே பாறையைப் பார்த்தார். "இல்லக்கா. வீட்ல தூங்குறாங்க. எழுப்ப மனசு வரல."

"போடா, பைத்தியக்காரா" என்றார் அக்கா. அவருடைய குரலில் கடுமை இல்லை. ஆனால் பேனா எழுதும் ஓசை கேட்டது.

அவள் நான்கு மணிக்கு எழுந்தாள். நேரத்தைக் கேட்டாள். சொன்னார். உங்கள் வண்டி என்று கேட்டாள். வேறொருவர் எடுத்துவிட்டார் என்றார். அவள் எழுந்து உட்கார்ந்து அவருடைய முகத்தையே நெடுநேரம் பார்த்தாள். பிறகு துண்டைப் பிரித்து, மடிப்பைப் பார்த்து, மீண்டும் மடித்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள். "அந்த நேர் டூட்டி?" என்றாள். "அது போச்சு" என்றார். திரும்பும் வழியில் இறக்கத்தில் அவர் தோளை அவள் பிடித்துக்கொண்டாள்.

மூன்றாம் நாள் பட்டியல் ஒட்டப்பட்டது. நேர் டூட்டி தூங்குமூஞ்சிக்குப் போயிற்று. நிமிஷம் வராத அன்று ஒன்று நாற்பது வண்டியையும் ஓய்வறைக் கட்டிலிலிருந்து எழுப்பி அவரிடம்தான் கொடுத்திருந்தார்கள். மனம் கேட்காமல் அவர் இவரைத் தேடி வந்தார். "அண்ணே, நான் சும்மா தூங்கிட்டுத்தான் இருந்தேன். அவங்களாத்தான் எழுப்பினாங்க" என்றார். "தெரியும். நல்லா ஓட்டு" என்றார் இவர். அதைச் சொல்லும்போது உள்ளே ஏதோ ஒன்று இறங்கி உட்கார்ந்தது. அடுத்த நேர் டூட்டி எப்போது காலியாகும் என்று அக்காவுக்கே தெரியாது. அதற்குள் அவருக்கு ஓய்வு வயதும் வந்துவிடலாம்.

நோட்டுப்புத்தகத்தில் வேலிமுனைக்கு நேரே இருபத்து நான்கை அடித்துவிட்டு நாற்பது என்று எழுதினார். இருவருக்கும் விடுமுறை ஒன்றாக வரும் நாளில் அங்கே போவது என்று பேச்சு. அப்படி ஒருநாள் இதுவரை ஒருமுறைதான் வந்தது. அன்றும் அவள் நீரில் கால் நனைத்ததோடு சரி. மீதி நேரமெல்லாம் பாறையில் தூங்கினாள்.

மற்ற நாள்களில் ஒன்பதே முக்காலுக்குக் கையெழுத்திட்டதும் அவர் வீட்டுக்குப் போகிறார். சாவியை ஒலியின்றித் திருப்ப இன்னும் அவருக்கு வரவில்லை. அது கடக்கென்றுதான் திரும்புகிறது. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருக்கும் அவள், கண்ணைத் திறக்காமலே, "கதவை நல்லா இழுத்துச் சாத்துங்க" என்கிறாள். அடுத்த மூச்சில் தூங்கிவிடுகிறாள். அவர் சமையற்கட்டு நாற்காலியில் காலணியைக் கழற்றிவிட்டு உட்கார்கிறார். செய்தித்தாளை எடுத்தால் தாள் சலசலக்குமே என்று எடுப்பதில்லை. சற்று நேரத்தில் அவருக்கும் கண் செருகிவிடுகிறது. முதுகுக்கு அந்த நாற்காலி நல்லதல்ல. நீரை உடம்பு தேடத்தான் செய்கிறது.

ஒன்று இருபதுக்கு அவள் கட்டிலிலிருந்தே குரல் கொடுக்கிறாள். அவர் எழுந்து முகம் கழுவிப் படியிறங்குகிறார். பணிமனை ஏழு நிமிடம். படிக்கட்டைச் சேர்த்தால் இப்போதெல்லாம் ஒன்பது.